சிவப்புக் கோல் மட்டும் ஏன் இப்படிப் பழுதாகிறது?

கோண்டாவில் மணிக்காரி · சனிக்கிழமை, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்கொட்டிலில் மூன்று வருடங்களாகச் சுவாலையில் கண்ணாடி மணி செய்து வருகிறேன். நீலம், பச்சை, வெள்ளை, தந்த நிறம் எல்லாம் ஓரளவுக்குக் கைக்குள் வந்துவிட்டன. சிவப்பைத் தொட்டால் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறொன்று வந்து நிற்கிறது. ஒரு நடன ஆசிரியை தம்முடைய மாணவிகளின் கழுத்தணிகளுக்காக 54 சிவப்பு மணிகள் கேட்டிருக்கிறார். அட்டியலில் பதிக்கும் சிவப்புக்கல்லின் நிறம் வேண்டும், மணிக்கு மணி வேறுபாடு தெரியக் கூடாது என்பவை அவர் சொன்ன இரண்டு நிபந்தனைகள். இதுவரை 31 செய்திருக்கிறேன். அவற்றில் ஒன்பதைத்தான் அருகருகே வைக்க முடிகிறது. பதினொன்று, வெட்டிவைத்த ஆட்டீரலைப் போலப் பழுப்பாகிவிட்டன. ஏழில் சாம்பல் நிறக் கீற்றுகள் கண்ணாடிக்குள் புகை போல ஓடுகின்றன. கூர்ந்து பார்த்தால் ஊசிமுனை அளவுக் குமிழிகளும் தெரிகின்றன. மீதி நான்கும் சிவக்கவே இல்லை. நல்லெண்ணெய் நிறத்தில் தெளிவாக நிற்கின்றன.

என்னிடம் இருப்பது, ஒட்சிசன் இணைப்பு இல்லாமல் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் ஒற்றைக் காஸ் ரோச். மின்சூளையை 515 பாகை செல்சியசில் வைத்து, அரை மணி நேரம் பதப்படுத்தியபின் மெல்ல ஆற விடுகிறேன். மணிக்காக உருக்கும் கண்ணாடிக் கோல்கள் எல்லாம் 104 வகை (சூட்டில் கண்ணாடி விரியும் அளவைக் குறிக்கும் எண்). கனடாவிலிருந்து மச்சாள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவை. வரும் வழியில் உறைகள் கிழிந்துபோனதால், சிவப்பாகத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே றப்பர் வளையத்தில் கட்டி வைத்திருந்தேன். பிழை காஸிலா, சூளையிலா, என் கையிலா என்று விளங்கவில்லை.

கஸ்தூரியார் வீதிப் பத்தர் · சனிக்கிழமை, இரவு 10.02

பிள்ளை, நான் கண்ணாடி வேலை செய்தவனல்லன். நாற்பது வருடம் நகை வேலை செய்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். சிவப்பு என்றால் அதற்குள் செம்பு இருக்கும் என்பது எங்கள் தொழிலில் ஊறிய எண்ணம். செம்பு கூடிய தங்கத்தைக் காற்று மிகுந்த நெருப்பில் காய்ச்சினால் மேலே கறுப்புப் படியும். ஆகையால் வெண்காரத்தைப் பூசிக் காற்றுப் படாமல் மறைத்துவிட்டுத்தான் பொடி வைத்து ஊதுவோம். ஊதுகுழலால் ஊதிய காலத்தில், நெருப்பின் நிறத்தை வைத்தே அதில் காற்று கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவோம். உங்களுடைய ரோச் காற்றை அளவுக்கு மிஞ்சி இழுக்கிறது என்று நினைக்கிறேன். காற்றுத் துளையில் கொஞ்சத்தை மறைத்து, சுவாலை மஞ்சளாகிச் சற்றுச் சோம்பலாக எரியும்படி வைத்துப் பாருங்கள்.

ஸ்காபரோச் சுவாலை · ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 3.25

பத்தர் ஐயாவை மறுத்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். 104 வகைச் சிவப்பை மஞ்சள் சுவாலையில் காட்டினால் அதன் மேல் கரிதான் படியும். உள்ளே இருக்கும் பழுது அப்படியே இருக்கும்.

தங்கச்சி, சுவாலையின் எந்த இடத்தில் கோலைப் பிடிக்கிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. என் கணிப்பில் சிக்கலே அதுதான். ரோச்சின் வாயருகே கூரிய நீலக் கூம்பு தெரியும். அதன் நுனிக்குச் சற்று அப்பால்தான் நெருப்பு மிகக் கடுமையாக இருக்கும். நீலமும் பச்சையும் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். ஒளி புகாத சிவப்பை அங்கே கொண்டுபோனால் கொதித்துவிடும். குமிழியும் சாம்பல் கீற்றும் கொதித்ததற்கான அடையாளங்கள், அவற்றைப் பிறகு எந்த வேலையாலும் அகற்ற முடியாது. நான் கூம்பின் நுனியிலிருந்து ஆறு விரல் தள்ளிப் பிடிக்கிறேன். வேலை பாதி வேகத்தில்தான் நடக்கும். ஒட்சிசன் இணைத்த ரோச்சில் வேலை செய்பவனான எனக்கு இது உங்களைவிடப் பெரிய சோதனை, ஏனென்றால் என்னுடைய நெருப்பு உங்களுடையதைவிடச் சூடானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிவப்புக் கோலின் நுனி சூடேறும்போது முதலில் மாதுளம் முத்தின் நிறத்துக்கு வரும், பிறகு பழுப்பாகும், உருகும் வேளையில் ஏறத்தாழக் கறுத்தே போய்விடும். புதிதாகச் செய்பவர் அதைக் கண்டு பயந்து, நிறத்தைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று மேலும் காய்ச்சுவார். நானே முதல் வருடம் முழுவதும் அதைத்தான் செய்தேன். மணியைச் சுவாலைக்கு வெளியே எடுத்து, அது சுற்றியிருக்கும் கம்பியைச் சுழற்றிக்கொண்டே இருபது வரை எண்ணுங்கள். மெல்லிய ஓரங்களில் முதலில் சிவப்பு எட்டிப் பார்க்கும். பிறகு நடுப்பகுதிக்கு ஏறும். சூட்டில் தெரியும் கறுப்பு வேறு, பழுதான கறுப்பு வேறு. ஆறிய பின்னரே எது எது என்று தெரியும்.

ஆவர்த்தன அட்டவணை · ஞாயிற்றுக்கிழமை, காலை 7.40

பாடசாலையில் இரசாயனவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மணி செய்வது ஓய்வுக்குப் பின் வந்த பழக்கம். பத்தர் ஐயா சொன்ன விதி செம்புச் சிவப்புக்கு முற்றிலும் பொருந்தும். இந்தக் கோல்களுக்குள் இருப்பது செம்பு அன்று என்பதுதான் இடர்ப்பாடு.

கண்ணாடியைச் சிவக்கவைக்கும் பொருட்கள் மிகச் சிலவே. மணி வேலையில் நம் கைக்கு வருபவை செம்பு, தங்கம், கட்மியத்தோடு சேர்ந்த செலனியம் ஆகிய மூன்றும்தான். கோபால்ற்று கண்ணாடியில் கரைந்தே நீலத்தைத் தருகிறது. ஆதலால் எவ்வளவு காய்ச்சினாலும் நீலம் நீலமாகவே இருக்கும். சிவப்புத் தரும் இம்மூன்றோ கரைந்து கிடக்கும்போது சிவப்பைத் தருவதில்லை. கண்ணாடிக்குள் மிக நுண்ணிய துணிக்கைகளாகத் திரண்ட பிறகே நிறம் எழும்புகிறது. திரளாவிட்டால் சிவப்பு இல்லை. அளவுக்கு மிஞ்சித் திரண்டு பருத்துவிட்டால் கலங்கிய பழுப்பு. பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இந்த நியாயம் புதிதாக இராது: பதத்துக்கு முன்னே இறக்கினால் இளகி ஓடும், பிந்தினால் பூத்துப்போகும்.

இத்தாலியில் முறானோவில் செய்யப்படும் எஃபெற்ரே போன்ற 104 வகைக் கோல்களில், ஒளி புகாத பளிச்சென்ற சிவப்பும் ஒளி புகும் சிவப்பும் கட்மியம் செலனியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கட்மியம் கந்தகத்தோடு மட்டும் சேர்ந்தால் மஞ்சள். கந்தகத்தின் இடத்தில் செலனியம் கூடக் கூட நிறம் செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நகரும். (கட்மியமும் செலனியமும் ஒரே 1817ஆம் ஆண்டில், இருவேறு நாட்டில் இருவேறு அறிஞர்களால் கண்டுபிடிக்கப்பட்டவை. இவை இரண்டும் கண்ணாடிக்குள் சந்தித்துக்கொள்ள அந்த நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.) சூட்டில் சிவப்பு கறுப்பதற்கும் இதே துணிக்கைகள்தாம் காரணம். அவை விழுங்கும் ஒளியின் எல்லை, வெப்பம் ஏற ஏறச் சிவப்பின் பக்கமாக நகர்ந்து கடைசியில் சிவப்பொளியையும் விழுங்கிவிடுகிறது. ஆறும்போது அந்த எல்லை பழைய இடத்துக்குத் திரும்புகிறது.

தங்கத்தால் வரும் சிவப்பு, ரோசாச் சாயல் கொண்டது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியின் பொற்ஸ்டாமில் யோகான் குங்கெல் செய்த தங்கச் சிவப்புக் கண்ணாடி பெயர் பெற்றது. அந்த நிறத்தின் காரணம் தங்கத்தின் நுண்துணிக்கைகளே என்று 1857இல் மைக்கேல் பரடே எடுத்துக்காட்டினார். அதே சிவப்பில் தொடங்கிக் கூழ்நிலையை (நுண்துணிக்கைகள் கரையாமல் பரவி நிற்கும் நிலையை) ஆராய்ந்த சிக்மொண்டிக்கு, 1925ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே மணிக்காரி, உங்கள் றப்பர் வளையத்துக்குள் ஒரே ஒரு சிவப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நல்லெண்ணெய் நிற மணிகளே அதற்குச் சாட்சி. ஒளி புகாத கோலிலிருந்து அப்படி ஒரு மணி வராது. முதலில் கோல்களைப் பகல் வெளிச்சத்தில் பிரியுங்கள். ஒவ்வொன்றின் நுனியையும் உருக்கி மெல்லிய இழையாக இழுத்துப் பாருங்கள். தடித்த கோலில் ஒளிந்திருக்கும் நிறத்தை இழை காட்டிக்கொடுத்துவிடும்.

கோண்டாவில் மணிக்காரி · ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.15

ரீச்சர், நீங்கள் சொன்னது போலவே மூன்று வகை வந்தன. கிணற்றடியில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். 22 கோல்களில் ஒளி துளியும் புகவில்லை, செவ்வரத்தம்பூவின் சிவப்பு. ஒன்பது கோல்கள் கறுப்புப் போலத் தெரிந்தாலும், உடைந்த நுனியில் மாத்திரம் இரத்தச் சிவப்பாக ஒளி நின்றது. இழையாக இழுத்தபோது முதலில் மஞ்சளாக வந்து, மறுபடி சுவாலையின் ஓரத்தில் காட்டியதும் என் கண் முன்னாலேயே சிவந்தது. மீதி ஆறும் இழையில் ஜம்புப்பழ நிறம். அவை தங்கச் சிவப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். மச்சாளிடம் கேட்டபோது, "விலை கூடிய கோல் கொஞ்சம் இருக்கிறது, வீணாக்காதே" என்று முன்பே சொன்னதாக நினைவுபடுத்தினார்.

செய்த மணிகளையும் இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தேன். நன்றாக வந்த ஒன்பதும், சாம்பல் கீற்று ஓடிய ஏழும் ஒளி புகாத சிவப்பு. நல்லெண்ணெய் நிறத்து நான்கும், ஈரல் நிறத்துப் பதினொன்றும் ஒளி புகும் சிவப்பு. அப்படியானால் ஒரே கோல் ஒரு முறை சிவக்காமலும், இன்னொரு முறை அளவுக்கு மிஞ்சிச் சிவந்து பழுப்பாகவும் வந்திருக்கிறது.

ஆவர்த்தன அட்டவணை · ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.30

அப்படியேதான். உருகிய நிலையிலிருந்து சூளைக்குள் நேரே போனவை துணிக்கை திரள நேரமில்லாமல் மஞ்சளாக நின்றுவிட்டன. வடிவம் சரிப்படவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சுவாலைக்குக் கொண்டுபோனவை ஒவ்வொரு முறையும் திரண்டு திரண்டு ஈரலாகிவிட்டன. ஒளி புகும் சிவப்பை முதலில் முழுமையாக உருக்கி வடிவத்தை முடித்துவிட வேண்டும். பிறகு வெளியே எடுத்து ஒளிர்வு அடங்கும் வரை ஆறவிட வேண்டும். அதன்பின் சுவாலையின் தொலை ஓரத்தில் சுழற்றிக் காட்டி, நிறம் எழும்பியதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட வேண்டாம்.

நீங்கள் சூளையில் வைக்கும் அரை மணி நேரத்திலும் நிறம் சற்று ஆழமாகக்கூடும். ஆகையால் சுவாலையில் உங்களுக்குத் தேவையான சிவப்புக்கு ஒரு படி முன்னே நிறுத்துவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. கட்மியம் நஞ்சு. சிவப்பைக் கொதிக்கவிடாமல் இருப்பதற்கு நிறம் மட்டும் காரணமன்று. கொட்டிலின் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும், மணியை உலர்வாக உரசித் தேய்க்கக் கூடாது, தண்ணீருக்குள் வைத்தே தேய்க்க வேண்டும்.

உரும்பிராய் இளையவன் · ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.05

எனக்கு ஒரு சந்தேகம்; சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் செம்பாட்டு மண் கொட்டிக் கிடக்கிறது. அதை அரித்து, தெளிவான கண்ணாடியோடு சேர்த்து உருக்கினால் சிவப்புக் கண்ணாடி வராதா?

ஆவர்த்தன அட்டவணை · ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.20

சிரிக்கவில்லை தம்பி, நல்ல கேள்வி. செம்பாட்டு மண்ணின் சிவப்பு, இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகளால் வருவது. உருகிய கண்ணாடி அந்தத் துணிக்கைகளைக் கரைத்துவிடும். கரைந்த இரும்பு பச்சையைத்தான் தரும். யன்னல் கண்ணாடித் துண்டொன்றின் வெட்டு முகத்தைப் பாருங்கள். அதில் தெரியும் பச்சை, மணலோடு வந்த இரும்பின் பச்சை. மண்ணைத் தோட்டத்திலேயே விட்டுவிடுங்கள்.

மாந்தைத் துறை · ஞாயிற்றுக்கிழமை, இரவு 11.40

செம்பைப் பற்றிப் பத்தர் ஐயா சொன்னதை இவ்வளவு விரைவாகத் தள்ளிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கரையிலேயே செங்கல் நிறக் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. மன்னாரில் திருக்கேதீச்சரத்துக்கு அருகே உள்ள மாந்தையில் 1980களில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழாய்வு நடந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால், 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடும் இதே வகை மணிகளுக்குப் பெயர் போன இடம். இந்தோ-பசுபிக் மணிகள் என்று மணி ஆய்வாளர் பீற்றர் பிரான்சிஸ் பெயரிட்ட இந்தச் சின்னஞ்சிறு மணிகள் தென்கிழக்காசியாவின் துறைமுகங்கள் வரை போயின. அவற்றில் பரவலாகக் காணப்படும் ஒளி புகாத செங்கல் சிவப்பு, செம்பால் வந்தது. கட்மியமும் செலனியமும் யாருக்கும் தெரியாத காலத்தில், காற்றைக் கட்டுப்படுத்திய உலையில் செம்பைத் திரளவைத்துச் சிவப்பை எடுத்திருக்கிறார்கள். காற்றுக் கூடியிருந்தால் அதே செம்பு பச்சை கலந்த நீலமாகப் போயிருக்கும். அப்படிப் பார்த்தால், "காற்றைக் குறையுங்கள்" என்ற பத்தர் ஐயாவின் சொல் ஈராயிரம் வருடப் பழைய தொழில் அறிவு.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். நாம் கம்பியில் கண்ணாடியைச் சுற்றி ஒவ்வொரு மணியாகச் செய்கிறோம். அவர்கள் உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, அதை நறுக்கி, நறுக்கியவற்றை மீண்டும் சூடாக்கி விளிம்பை மழுக்கினார்கள். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த இழுப்பு முறை 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது. ஒரே உலைக் கண்ணாடியில் ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கான மணிகள் வந்ததால், மணிக்காரியைப் போல 54க்கு நிறம் பொருத்தி மாரடிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்திராது.

கஸ்தூரியார் வீதிப் பத்தர் · திங்கட்கிழமை, காலை 6.15

மாந்தைத் தம்பிக்கு நன்றி. நான் பிழையான கண்ணாடிக்குச் சரியான மருந்தைச் சொல்லிவிட்டேன் என்று விளங்குகிறது. ரீச்சர், செம்பு உள்ள கோல் இக்காலத்தில் வருவதே இல்லையா?

ஆவர்த்தன அட்டவணை · திங்கட்கிழமை, காலை 9.00

வருகிறது ஐயா, நீல உடுப்புப் போட்டுக்கொண்டு. மயில்துத்த நீலத்தில் வரும் ஒளி புகாத கோல் செம்பால் நிறம் பெற்றது. மணிக்காரி அந்தக் கோலின் நுனியை உருக்கி, நீங்கள் சொன்ன மஞ்சள் சுவாலையில் காட்டிப் பார்க்கட்டும்.

அந்த நீலத்தையும் இந்தச் சிவப்பையும் ஒரே மணியில் தொடவைக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பில் இருக்கும் கந்தகமும் நீலத்தில் இருக்கும் செம்பும் சந்திக்கும் கோட்டில் கரும்பழுப்பு விளிம்பு ஒன்று உருவாகும். வேண்டுமென்றே அதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாதவர்கள் இடையில் தெளிவான கண்ணாடியால் ஒரு வரம்பு கட்ட வேண்டும்.

இருப்புப்பாதை · திங்கட்கிழமை, பிற்பகல் 1.30

சிவப்புக் கண்ணாடி என்றதும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பப்பா புகையிரதப் பகுதியில் வேலை செய்தவர். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றுபோன பிறகு, சைகை விளக்கின் உடைந்த சிவப்பு வில்லை ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியில் பல வருடம் கிடந்தது. 2014இல் ரயில் திரும்பி வந்த மகிழ்ச்சியில், அதில் ஒரு சில்லை எடுத்து என் 104 வகை வெள்ளை மணியின் மேல் உருக்கி ஒட்டினேன். சுவாலையில் அவ்வளவு அழகாக இருந்தது. சூளையில் பதப்படுத்தியும் பயனில்லை. மறுநாள் காலையில் மணியின் இடுப்பைச் சுற்றி வெடித்து, சிவப்புப் பகுதி தொப்பியைப் போலக் கழன்று வந்தது. மீதி வில்லை இன்னும் இருக்கிறது. அதை ஏதாவது செய்ய முடியுமா?

ஸ்காபரோச் சுவாலை · திங்கட்கிழமை, இரவு 7.50

வில்லையை வில்லையாகவே வைத்திருங்கள் அண்ணை, அதுதான் அதற்கு மரியாதை. 104 என்ற எண், சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரிகிறது என்பதைக் குறிப்பது. இரண்டு கண்ணாடிகள் வெவ்வேறு அளவில் சுருங்கினால், எந்தச் சூளையாலும் அவற்றைச் சேர்த்துவைக்க முடியாது. கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டுமானால், இரண்டிலும் ஒவ்வொரு சிறு துண்டை எடுத்து அருகருகே ஒட்டி, உருக்கி, இரண்டும் சேர்ந்த ஒரே மெல்லிய இழையாக ஒரு முழ நீளத்துக்கு இழுங்கள். ஆறிய பின் இழை நேராக நின்றால் இரண்டும் ஒத்துப்போகும் என்று நம்பலாம். வில்லாக வளைந்தால் கூடாது. அந்தச் சிவப்பை மட்டும் தனியாக, வேறு எதனோடும் சேர்க்காமல் ஒரு மணியாகச் செய்து பார்ப்பதில் தடையில்லை.

கோண்டாவில் மணிக்காரி · செவ்வாய்க்கிழமை, இரவு 9.30

இரண்டு மாலை நேரங்களைச் சோதனைக்கே செலவிட்டேன், கண்டதை எழுதுகிறேன்.

ஒளி புகாத ஒரே கோலில் மூன்று மணிகள் செய்தேன். முதலாவதை நான் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில், நீலக் கூம்பிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் செய்தேன். கோலின் நுனி உருண்டையானதும் அதன் தோலில் மிகச் சிறிய கொப்புளங்கள் எழும்பி உடைந்தன. இதை இத்தனை நாளும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் என்பதை எண்ண வெட்கமாக இருக்கிறது. ஆறிய மணியில் சாம்பல் கீற்று. இரண்டாவதை ஆறு விரல் தூரத்தில் செய்தேன். கை கடுத்தது, நேரம் இரட்டிப்பானது, ஆனால் செவ்வரத்தைச் சிவப்பு ஒரு கீறல் இல்லாமல் வந்தது. மூன்றாவதை அதே தூரத்தில், காற்றுத் துளையைப் பாதி மறைத்துச் செய்தேன். உள்ளே சிவப்புக்குக் குறைவில்லை. மேலே மட்டும் சாம்பல் பூத்தது போன்ற ஒரு படலம்.

பத்தர் ஐயா, மயில்துத்த நீலக் கோலை உங்கள் மஞ்சள் சுவாலையில் காட்டினேன். அரை நிமிடத்துக்குள் அதன் தோல், தேய்த்த செப்புக் குடத்தைப் போலச் சிவந்து மினுங்கியது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, நீலக் கோலுக்குள் சிவப்பை ஒளித்துவைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். நிழற்படம் எடுத்தேன், சரியாக வரவில்லை. கைப்பேசிக்குச் சிவப்பு என்றால் எல்லாம் ஒரே தக்காளி நிறந்தான்.

நல்லெண்ணெய் நிற மணிகள் நான்கையும் மறுபடி சூளையில் வைத்து, மெல்லச் சூடேற்றி, இரண்டு மணி நேரம் விட்டுவைத்தேன். இரண்டு நன்றாகச் சிவந்தன, ஒன்று பாதி சிவந்தது, ஒன்று அசையவே இல்லை.

இப்போது மிஞ்சியிருக்கும் சிக்கல் வேறு. ஒளி புகாத சிவப்பு அழகாக வந்தாலும், ஆசிரியை கேட்ட சிவப்புக்கல்லின் ஆழம் அதில் இல்லை. பூசிய சுவரைப் பார்ப்பது போல இருக்கிறது. ஒளி புகும் சிவப்பில் மட்டும் செய்தால், 11 மில்லிமீற்றர் மணி கறுப்பாகத்தான் தெரிகிறது.

கஸ்தூரியார் வீதிப் பத்தர் · செவ்வாய்க்கிழமை, இரவு 10.10

பிள்ளை, இதற்கு நான் பதில் சொல்லலாம். அட்டியலில் கல்லை வெறுமனே பதிப்பதில்லை. கூட்டுக்குள் கல்லின் அடியில் மினுக்கிய தகடு ஒன்றை இட்டு, அதன் மேல்தான் கல்லை இருத்துவோம். உள்ளே போன ஒளியைத் தகடு திருப்பி அனுப்புவதால்தான் கல் எரிகிறது. தகடு கறுத்துப்போன பழைய அட்டியலைப் பாருங்கள், அதே கல் இருண்டுபோயிருக்கும். உங்கள் மணிக்கும் அடியில் ஒளியைத் திருப்புகிற ஒன்று வேண்டும்.

ஸ்காபரோச் சுவாலை · புதன்கிழமை, அதிகாலை 4.05

இதை நான் சொல்லியிருக்க வேண்டும், ஐயா முந்திவிட்டார். உள்ளே ஒளி புகாத மணியைச் சிறிதாகச் செய்து, அதன் மேல் ஒளி புகும் சிவப்பை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லியதாகப் போர்த்துங்கள். உட்கருவாக வெள்ளையையும் ஒளி புகாத சிவப்பையும் வைத்துத் தனித்தனியே சோதியுங்கள். போர்வை நிறம் எழும்புவதற்கு ஆறவைத்துச் சூடாக்கும் சுற்று ஒன்று போதும். எத்தனை சுற்று என்பதை எழுதிவைத்து, 54க்கும் அதையே பின்பற்றுங்கள்.

சூடான கண்ணாடியிலிருந்து எழும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை வடிக்கும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி போட்டுத்தான் வேலை செய்வீர்கள் என்று நம்புகிறேன். அதனூடாகத் தெரியும் சிவப்பை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு, ஆறிய மணியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

சுன்னாகம் சூளை · புதன்கிழமை, காலை 8.45

நிறம் பொருத்துவதில் சூளைக்கும் பங்குண்டு என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2022 பங்குனியில், நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்களில், பதப்படுத்தும் நடுவிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. கதவைத் திறக்கவில்லை, செங்கல்லில் இருந்த சூடு மெல்லத்தான் இறங்கியது, ஒரு மணியும் வெடிக்கவில்லை. பயத்தில் மறுநாள் அந்த மணிகளைத் திரும்பவும் சூளையில் வைத்தேன். நீலமும் வெள்ளையும் மாறவில்லை. ஒளி புகும் சிவப்பு மட்டும், ஒரு முறை சூளை கண்ட மணிகளைவிடக் கறுத்து வந்தது. அந்த மாலையை இன்று வரை விற்க முடியவில்லை, இரண்டு மாலையாகப் பிரித்தேன். ஆகவே 54 மணிகளும் ஒரே நேரக் கணக்கில் சூளை காணட்டும். ஒரு தொகுதியை அதிகாலையில் எடுத்து, இன்னொன்றை இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டாம்.

கோண்டாவில் மணிக்காரி · அடுத்த திங்கட்கிழமை, மாலை 6.20

54 மணிகளும் முடிந்தன. வெள்ளைக் கருவின் மேல் போர்த்தியது செம்மஞ்சள் சாயல் காட்டியதால் அதை விட்டுவிட்டு, ஒளி புகாத சிவப்புக் கருவையே எடுத்துக்கொண்டேன். கருவை ஆறு விரல் தூரத்தில் வைத்து உருட்டினேன். கறுத்தபோது பயப்படாமல், வெளியே எடுத்து எண்ணினேன். போர்வைக்கு ஒரே ஒரு சுற்று. சூளையில் பதினெட்டுப் பதினெட்டாக மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் அதே அரை மணி நேரம். கூடுதலாக ஐந்து மணிகள் செய்தேன். இரண்டாவது தொகுதியில் மூன்று மணிகள் ஒரு சாயல் கறுத்திருந்ததால், அவற்றுக்குப் பதிலாக அந்த ஐந்தில் மூன்றை எடுத்தேன். ஏன் கறுத்தன என்பதற்கு, வீட்டு வாசலில் யாரோ கூப்பிட்டபோது மணியைச் சுவாலையிலேயே வைத்திருந்தேன் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

ஆசிரியை தம் தாயாரின் அட்டியலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரியூப் லைற்றின் கீழே தலையை ஆட்டவில்லை. முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோன பிறகுதான் எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மீதிக் கோல்களை மூன்று கட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெயரெழுதி ஒட்டியிருக்கிறேன். தங்கச் சிவப்பு ஆறையும் இன்னும் தொடவில்லை.

கஸ்தூரியார் வீதிப் பத்தர் · திங்கட்கிழமை, இரவு 8.40

மகிழ்ச்சி பிள்ளை. அந்த ஈரல் நிற மணிகளை எறிந்துவிட்டீர்களா?

கோண்டாவில் மணிக்காரி · திங்கட்கிழமை, இரவு 8.55

இல்லை ஐயா, ஒரு பால்மாப் பேணிக்குள் கிடக்கின்றன.

கஸ்தூரியார் வீதிப் பத்தர் · திங்கட்கிழமை, இரவு 9.05

வெள்ளியில் கட்டினால் அந்த நிறம் நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வியாழக்கிழமை கடைக்குக் கொண்டு வாருங்கள். பதினொன்றையும் கொண்டு வாருங்கள்.